முழங்கை ஆழம்

மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரி எடுக்கிற வண்டல் நினைத்த இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது. அது லாரி ஏறி, ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் வைத்த ஒரு களத்துக்கு வந்து, ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு, குவியலாகப் படுத்துக் காய வேண்டும். மூன்று வாரம் காய்ந்தபிறகு மாதிரி எடுப்பார்கள். மாதிரி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து ஓர் அட்டை வரும். பச்சை அட்டை வந்தால் வீட்டுத் தோட்டத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் கொடுக்கலாம். மஞ்சள் வந்தால் சாலைக்கு அடியிலோ கரைக்கு உள்ளேயோ போட்டு மேலே மூட வேண்டும். சிவப்பு வந்தால் அடியில் தார்ப்பாய் விரித்த குழிதான் அதற்கு வீடு. அட்டை வரும்வரை அதை யாரும் மண் என்று சொல்லக்கூடாது. விதிப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ இல்லையோ, களத்தில் அப்படித்தான் நடந்தது. அதற்குக் காரணம் அஞ்சு கரண்டி.

அவளுடைய பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவள் அஞ்சு கரண்டிதான். ஒரு குவியலுக்கு ஐந்து இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும், நாலு மூலையும் நடுவும். வேறு களங்களில் இரண்டு இடத்தில் கிள்ளிப் போட்டுவிட்டு ஐந்து என்று எழுதுவதாகப் பேச்சு உண்டு. இவள் ஐந்து என்றால் ஐந்து. கொட்டுகிற மழையிலும் ஐந்து, காய்ச்சலிலும் ஐந்து. யாரோ ஒரு லாரிக்காரர் கடுப்பில் வைத்த பெயர் அது. அவள் அதைப் பட்டம்போல் எடுத்துக்கொண்டாள்.

லாரிக்காரர் வாசலில் நின்று, "அக்கா, ரெண்டு லோடு மண்ணு எறக்கணும்" என்று சொன்னால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். "மண்ணு எங்க இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பாள். அவர் "வண்டல்" என்று திருத்திச் சொன்னபிறகுதான் எந்த மேடை என்று கை காட்டுவாள். வந்தால் வண்டல், போனால் மண். பதினாறு வருஷமாக இதே பாட்டு. புதிதாக வேலைக்கு வந்த லாரிக்காரர்கள் முதல் வாரம் எரிச்சல்படுவார்கள், இரண்டாவது வாரம் சிரிப்பார்கள், மூன்றாவது வாரம் வீட்டிலும் பூந்தொட்டியைப் பார்த்து இது மண்ணா வண்டலா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

விதிப் புத்தகத்தில் ஒரு வரிமேல் அவளுக்குத் தனிப் பாசம். 'மாதிரியானது குவியலின் மேற்பரப்பிலிருந்து முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் எடுக்கப்பட வேண்டும்' என்பது அந்த வரி. யாருடைய முழங்கை என்று எழுதவில்லை. எழுதினவர் நெட்டையா குட்டையா என்று களத்தில் ஒருமுறை பெரிய விவாதமே நடந்தது. அவள் குட்டை. அதனால் தனக்குச் சலுகை கிடைத்துவிடக்கூடாது என்று, தோள்வரை இழுத்துவிடுகிற ரப்பர் கையுறையில் முழங்கைக்கு நாலு விரல் மேலே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். கோடு மறைகிறவரை கை உள்ளே போக வேண்டும். கரண்டியால் குழி தோண்டி, குப்புறப் படுத்து, கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி. இப்படி ஐந்து தடவை. ஆழத்துளை போடுகிற கம்பி ஒன்று வாங்கித் தருவதாக அலுவலகம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பு எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆழம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துக் காட்டுவாள். அதில் கொஞ்சம் வண்டலும் தண்ணீரும் இருக்கும். குலுக்கி வைத்தால் மணல் ஒரு பக்கம், மாவு போன்ற கறுப்பு ஒரு பக்கம் என்று பிரியும். சாலையில் சிந்துகிற எண்ணெய், டயர் தேய்ந்த தூள், பழைய பெயின்ட், பேட்டரிக் கடை ஈயம் எல்லாம் அந்தக் கறுப்பு மாவோடுதான் ஒட்டிக்கொண்டு வரும். குவியல்மேல் மழை பெய்தால் மாவு அடிக்கு இறங்கிவிடும். மேலே கழுவிவிட்ட மணல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மேலாகக் கிள்ளினால் குவியல் பொய் சொல்லும். உள்ளே கையை விட்டால் உண்மையைக் கக்கும். இதை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த மழைக்காலத் தொடக்கத்தில் வலது தோள் இறுகியது.

முதலில் ஒரு பிடிப்பு. தூக்கத்தில் ஒருக்களித்துப் படுத்ததில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு மேல் அலமாரிக்குக் கை எட்டவில்லை. பிறகு தலை பின்ன எட்டவில்லை. ஒருநாள் போய் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த வயசில் என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கு என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார். வேர்வை என்று அவள் சொன்னாள். மகள் போனில் படம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. மாதிரி எடுப்பவர் உடல் தகுதி குறைந்தால் உடனே அறிவிக்க வேண்டும், அறிவித்தால் வேறு பணிக்கு மாற்றப்படுவார் என்பதும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருந்தது. வேறு பணி என்றால் வாசல் பதிவேடு. வருகிற லாரியின் எண்ணை எழுதி, போகிற லாரியின் எண்ணை எழுதி, நடுவில் கொட்டாவி விடுகிற வேலை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஒரு மாசத்தில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாரும் சொல்லிக்கொள்வதுதான்.

கை கோடுவரை போகவில்லை. முதல் குவியலில் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அடுத்ததில் பாதி முன்கை. அதற்கடுத்து மணிக்கட்டு. இடது கையால் தோண்டிப் பார்த்தாள். கரண்டி பிடிக்கப் பழகாத கை, ஒரு குழிக்கே அரை மணிநேரம் ஆனது. அலுவலக ஜன்னல் குவியல் மேடைகளைப் பார்த்துத்தான் இருக்கிறது. இடது கையால் தட்டுத்தடுமாறித் தோண்டுகிறவளை யாராவது ஏன் என்று கேட்பார்கள். எல்லாம் ஒரே குவியல்தானே, ஐந்து இடத்தில்தானே எடுக்கிறேன் என்று மனசைச் சமாதானப்படுத்தினாள். ஊருக்கெல்லாம் குடுவையைக் குலுக்கிக் காட்டியவள் தனக்குக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காலாண்டில் முப்பத்தொன்று முதல் முப்பத்தேழுவரை ஏழு குவியல்கள் அப்படிப் போயின.

காலாண்டு முடிந்ததும், அவ்வப்போது அனுப்பிய அட்டைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்காரர் போன் செய்தார். அவளும் அவரும் நேரில் பார்த்ததே இல்லை. பதினாறு வருஷமாகக் குரலிலேயே பழக்கம். வழக்கமாகப் பத்துக் குவியலில் இரண்டு பச்சை வந்தாலே அவர் பாராட்டுவார். அன்றைக்கு அவர் குரல் குழைந்தது.

"என்னக்கா, இந்தத் தடவை உங்க வண்டல் தங்கமா இருக்கு. ஏழுல ஆறு பச்சை. ஊரு திருந்திடுச்சா?"

அவள் சிரித்ததாக அவருக்குக் கேட்டிருக்கலாம். ஊர் திருந்தவில்லை. மெக்கானிக் தெருக் கால்வாயிலிருந்து வந்த குவியலும் பச்சை, பேருந்து நிலையத்துக் கால்வாயிலிருந்து வந்ததும் பச்சை. அங்கேயெல்லாம் பச்சை வந்தால் காக்கை வெள்ளை என்று சொன்னதுபோல. கண்ணில் மண்ணைத் தூவுவது என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அந்தக் கூடத்தின் கண்ணில் நிஜமாகவே மண்ணைத் தூவியிருந்தாள், அதுவும் பொறுக்கியெடுத்த நல்ல மண்ணாக.

அதே மத்தியானம் பொறியாளர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். களத்தின் பொறுப்பு அவருக்கு. நல்ல மனிதர், சத்தம் போடாதவர், அறிக்கைகளைப் பிள்ளைகள் மாதிரி வளர்ப்பவர். முன்மாதிரிக் களம் என்ற பலகைக்கு இந்தக் களத்தின் பெயர் மேலே போயிருப்பதாகச் சொன்னார். வாசலில் பலகை எந்தப் பக்கம் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அவளிடமே யோசனை கேட்டார். அவள் இடது கையால் இனிப்பை வாங்கிக்கொண்டாள்.

ஏழும் எங்கே போயின என்று பதிவேட்டைப் புரட்டினாள். ஒன்று மஞ்சள், சாலைக்கு அடியில் போய்விட்டது, அது எப்படியும் பாதகமில்லை. பச்சையில் ஒன்று ஆற்றங்கரையை உயர்த்தப் போயிருந்தது, அதுவும் பரவாயில்லை. ஒன்று பள்ளிக்கூடத் திடலுக்கு. ஒன்று பூங்காவுக்கு. இரண்டு இன்னும் களத்திலேயே கிடந்தன, அடுத்த வாரம் போக வேண்டியவை. மீதி ஒன்றை ஐந்து வீட்டுக்காரர்கள் மனுப் போட்டு வாங்கியிருந்தார்கள். அந்த ஐந்தில் மூன்றாவது, அவள் மகள்.

மகளுக்கு மனுப் போடச் சொன்னவளே அவள்தான். மகள் வீட்டுக் கொல்லை பள்ளம். மழை வந்தால் தண்ணீர் சமையலறைப் படிவரை வரும். பச்சை மண் ஒரு லோடு வந்து கொட்டியதும் கொல்லை உயர்ந்தது. மகள் சும்மா இருக்கமாட்டாள். முள்ளங்கி, கீரை, தக்காளி என்று பாத்தி கட்டிவிட்டாள். முள்ளங்கி நாற்பது நாளில் வந்துவிடும். வந்தும்விட்டது. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்திருந்தாள்.

வார விடுமுறை நாளில் அவள் களத்துக்குப் போனாள். வாசல்காரரிடம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனாள். களத்தில் கிடந்த முப்பத்தாறாம் குவியலில் இடது கையால் தோண்டினாள். ஒரு மணிநேரம் ஆனது. கோடு மறைகிறவரை கையை விட்டு அள்ளியதும், பார்ப்பதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு, பிசுபிசுப்பு, எண்ணெய் வாடை. அந்தப் பிடியை மேல்மணலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே குவியல் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தோள், மணிக்கட்டு, ஏழு குவியல், எதையும் விடவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் சிக்கல். அவர் பரிவாகப் பேசினார். வயசான காலத்தில் தோள் பிடித்துக்கொள்வது எல்லாருக்கும் வருவதுதான், அவர் அம்மாவுக்குக்கூட வந்தது என்றார். காலாண்டு அறிக்கை போய்விட்டது என்றார். மறுமாதிரி எடுக்க வேண்டுமானால் பதினெட்டாம் விதிப்படி வெளியிலிருந்து பொதுமக்கள் புகார் வர வேண்டும். ஊழியர் தானாக வந்து நான் எடுத்த நல்ல மாதிரி தப்பு என்று சொல்வதற்குப் படிவமே இல்லை.

"மாதிரி தொலைஞ்சுபோச்சுன்னா படிவம் இருக்கு, உடைஞ்சுபோச்சுன்னா இருக்கு. இதுக்கு இல்லக்கா. போனது போகட்டும். கிடக்குற ரெண்டை நான் மஞ்சள்னு பாத்துக்கறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க."

அவள் கடிதமாக எழுதித் தருவதாகச் சொன்னாள். எண் இல்லாத கடிதம் கோப்பில் ஏறாது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தாள். கொல்லையில் கொஞ்ச நாளைக்கு எதையும் பறிக்க வேண்டாம், பறித்ததையும் சமைக்க வேண்டாம், அக்கம்பக்கத்திலும் சொல்லிவிடு என்றாள். ஏன் என்று மகள் கேட்டாள். ஒரு சோதனை பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். "நீதானேம்மா பாஸ் பண்ணுன?" என்று மகள் கேட்டதற்கு, ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். தோளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அது அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், வீட்டுக்காரர் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். முந்தாநாள் மகள் கொடுத்தனுப்பியது. அவள் பலகையை அப்படியே தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி பார்த்தார். அப்புறம் உட்கார வைத்துக் கேட்டார், அவளும் சொன்னாள். கேட்டு முடித்ததும் முதலில் அவளுடைய முடியைத்தான் பார்த்தார். ஒரு வாரம் கிண்டல் செய்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஒரு புருஷன் என்ன சொல்வாரோ அதைச் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும், பதினாறு வருஷத்தில் ஒரு காலாண்டு, மேலதிகாரியே விடு என்கிறார், நீ எதற்கு உன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாய் என்றார். அவள் குப்பைத் தொட்டியைக் காட்டினாள்.

"இது நம்ம வீட்டு முள்ளங்கி, நான் கொட்டிட்டேன். மத்த நாலு வீட்டுல யாருங்க கொட்டுவா?"

அவர் கத்தியைக் கழுவி வைத்தார்.

பொதுமக்கள் புகார்ப் படிவம் களத்து வாசலிலேயே ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கும். மூன்று வருஷமாக யாரும் கிழிக்காததால் மேல் தாள் வெயிலில் வெளுத்திருந்தது. அவள் விடுப்புப் போட்டுவிட்டு, வீட்டுச் சேலையோடு, பொதுமக்களாக வந்து ஒரு தாளைக் கிழித்தாள். வாசல்காரர் வேடிக்கை பார்த்தார். புகார்தாரர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். யார்மீது புகார் என்ற இடத்திலும் தன் பெயரை எழுதினாள். சம்பவத்தை நேரில் கண்டீரா என்பதற்கு, ஆம். இருவருக்கும் முன்விரோதம் உண்டா என்பதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்று எழுதினாள். விவரம் என்ற இடத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். மாதிரி எடுத்தவரின் வலது தோள் நான்கு மாதமாக உயர்வதில்லை, ஆகவே ஏழு குவியல்களிலும் மாதிரி முழங்கை ஆழத்தில் எடுக்கப்படவில்லை, இவ்வளவுதான் சாரம்.

பெட்டியில் விழுந்த தாளுக்கு எண் உண்டு. எண் விழுந்த தாளை யாராலும் அழிக்க முடியாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் புகார் ஒரு நீண்ட உறையில் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது, சம்பந்தப்பட்ட ஊழியர் ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும் என்ற குறிப்போடு. அவள் அன்றே விளக்கம் எழுதினாள். புகாரில் கூறியுள்ளது அனைத்தும் உண்மை, புகார்தாரரை நம்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். இப்போது அவருக்குக் கோபம் வந்திருந்தது. இது என்ன கூத்து என்றார். பலகை செய்யக் கொடுத்திருந்ததை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றார். ஆனாலும் அவர் விதியை மீறுகிறவர் அல்ல. மறுமாதிரிக்கு உத்தரவு போட்டார். சம்பந்தப்பட்ட வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் புகாரின் நகலோடு நோட்டீஸ் போனது.

அன்றோடு மகள் பேச்சை நிறுத்தினாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, அவள் வேலையாக இருக்கிறாள் அத்தை என்று தடுமாறுவார். நாள்பூராவுமா வேலை? கொல்லை போனது, ஊர் வாயில் விழுந்தது, அக்கம்பக்கத்தில் முள்ளங்கி கொடுத்த முகத்தோடு நிற்க முடியவில்லை, கோபம் இருக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்கிறபோதெல்லாம் வலித்தது.

மறுமாதிரி எடுக்கப் பக்கத்துக் களத்திலிருந்து ஒருவர் வந்தார். பனைமரம் மாதிரி ஆள். அவர் முழங்கை இவள் தோள்வரை வரும். புகார்தாரரும் எதிர்த்தரப்பும் அருகில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கட்டத்தில் இரண்டு கையெழுத்துப் போட்டாள், புகார்தாரராக ஒன்று, எதிர்த்தரப்பாக ஒன்று. மகள் வீட்டுக் கொல்லையில் எடுத்தபோது மகள் கதவுக்குப் பின்னால் இருந்தாள், வெளியே வரவில்லை. நெட்டைக்காரர் பாத்திகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி ஐந்து குழி தோண்டினார். ஐந்தும் சரியான ஆழம். அவளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அட்டைகள் வந்தன. பள்ளிக்கூடத் திடல் நிஜமாகவே பச்சை, அதைக் கேட்டதும் அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கரை மஞ்சள், சாலைக்கு அடியில் போனதும் மஞ்சள், இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். பூங்கா மஞ்சள், மேலே ஒரு முழம் நல்ல மண் போட்டுப் புல் பதித்தால் போதும். களத்தில் கிடந்த முப்பத்தைந்து மஞ்சள், முப்பத்தாறு சிவப்பு. அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு இதற்குள் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிருக்கும். பொறியாளர் அந்த அட்டையை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். கிடக்கிற இரண்டையும் மஞ்சள் என்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் அவர்தானே. அதற்குப் பிறகு கூத்து என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. ஐந்து வீடுகளுக்குப் போனது மஞ்சள். காய்கறி விளைகிற இடத்தில் மஞ்சள் இருக்கக்கூடாது. முழுவதையும் வழித்தெடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்து வீட்டாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டது கொஞ்ச நாள்தான், பயப்படும்படி ஒன்றுமில்லை, இனிமேல் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார்.

அவளை வாசல் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். மூன்று வருஷமாகத் தூங்கிய துளைக்கம்பிக் கோப்பு மூன்றே வாரத்தில் எழுந்து ஓடிவந்தது. விதிப் புத்தகத்திலும் திருத்தம் வந்தது. முழங்கை என்ற சொல்லை அடித்துவிட்டு அங்குலத்தில் ஓர் எண் போட்டார்கள். களத்தில் எல்லாரும் அவளை இன்னும் அஞ்சு கரண்டி என்றே கூப்பிட்டார்கள், சிலர் பாசத்தோடு, சிலர் குத்தலாக. அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

மகள் வீட்டுக் கொல்லையை வழிக்கிற நாளில் அவள் லாரியிலேயே ஏறிப் போனாள். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. லாரிக்காரர் வழியெல்லாம் ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போய்ச் சேர்ந்தபோது மகள் கொல்லையில் குனிந்து செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். செடியும் மண்ணோடு களத்துக்குத்தான் போக வேண்டும். கையுறை போட்டிருந்தாள், நோட்டீஸில் எழுதியிருந்தபடி. அம்மாவைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. லாரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, வண்டியைப் பின்னால் எடுக்க வழி பார்ப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

அவளும் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த பாத்தியில் குனிந்தாள். கீரை சுலபமாக வந்தது. முள்ளங்கி நன்றாக இறங்கியிருந்தது, கையளவு பெருத்து. இடது கையால் ஒன்றைப் பிடுங்கினாள், இரண்டைப் பிடுங்கினாள். மூன்றாவது வரவில்லை. வலது கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். தோளில் வெட்டியது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது மகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டம் போச்சுன்னு உனக்குக் கோவம்" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும். தப்பு என்னோடதுதான்."

"தோட்டமா?" மகள் கையிலிருந்த செடியைச் சாக்கில் போட்டாள். "தோட்டம் மறுபடி போட்டுக்கலாம். அஞ்சு வீட்டுக்கும் ஒரே நோட்டீசு வந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா தெருவுல நின்னு எனக்கு வாசிச்சுக் காட்டுறாங்க, வலது தோள் நாலு மாசமா உயர்றதில்லைன்னு. யாரோ ஒருத்தின்னு நெனச்சு வாசிக்கிறாங்க. எங்கம்மாவுக்குக் கை வரலைங்கறதை நான் நோட்டீசுல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமாம்மா?"

அம்மாவிடம் பதில் இருந்தது. சொன்னால் நீ வேலையை விடு என்பாய், வாசலில் போய் உட்கார் என்பாய், அதனால் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் புகார்ப் பெட்டிக்கு எழுத முடிந்ததைப் பெற்ற மகளிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. பொறியாளர் முன்னாலும் அழாதவள், அட்டை வந்தபோதும் அழாதவள், இப்போது அழுதாள்.

இடது கையுறை முழுக்க வண்டல், முகத்தைத் தொடக்கூடாது. வலது கை கண்வரை எழும்பவில்லை. மகள் தன் கையுறைகளைக் கழற்றிச் சாக்கின்மேல் போட்டுவிட்டு, பாத்தியைத் தாண்டி வந்து, அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.